எண்ணூறு மில்லி ஆம்பியர்

கதவைச் சாத்திவிட்டார்கள். சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிற கதவு, மேலே ஒரு இரும்புக் கை அதைப் பிடித்து மெல்ல மெல்ல விடுகிறது, கடைசியாக ஒரு சாண் இடைவெளியில் சக்கர நாற்காலிக்கு மேலே என் தம்பியின் பின்னந்தலை தெரிந்தது, அதுவும் போயிற்று. கனகசபாபதி என்று முழுப் பேரையும் சொல்லித்தான் அந்த நர்ஸ் கூப்பிட்டாள், யாரோ வேறு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, எனக்கு அவன் சபா, தெருவுக்கு அவன் மோட்டார் சபாபதி. தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது, நல்லா அலசிக் கூட்டிட்டு வாங்க என்று சொல்லியிருந்தார்கள், நேற்று சாயங்காலம் புறவாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து நான்தான் அவன் தலையை அலசினேன், ஷாம்பு நுரை நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போனது, அவன் கண்ணை மூடவில்லை. எரியலையா சபா என்று கேட்டேன். செத்தவனுக்குக் கண் எரியாது என்று எனக்குக் காட்டுகிறானோ, இல்லை நிஜமாகவே எரியவில்லையோ, நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன், துடைக்கும்போது அந்தக் கண் என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த துணிக்கொடியைப் பார்த்தது. இந்த பெஞ்சு சில்லென்று இருக்கிறது. ஸ்டீல் பெஞ்சு. காலையிலேயே தரை துடைத்த பினாயில் வாசனை, அதற்கு மேலே யாரோ கொண்டுவந்த தூக்குவாளியிலிருந்து சாம்பார் வாசனை. எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, ரொம்ப நேரம் எல்லாம் ஆகாது மேடம், மயக்கம் குடுக்கிறதுதான் நேரம், கரண்டு சில செகண்டுதான் என்று சொன்னாள் டாக்டர் ரிஸ்வானா. சில செகண்டு. அந்தச் சில செகண்டு இப்போது நடந்துகொண்டிருக்கிறதா, முடிந்துவிட்டதா, இனிமேல்தானா.

எவ்வளவு கரண்ட் என்று கேட்டேன். யாரும் அப்படிக் கேட்பதில்லையாம், ஆபத்தா என்றுதான் கேட்பார்களாம், வலிக்குமா, ஞாபகம் போயிருமா என்று கேட்பார்களாம். டாக்டர் ரிஸ்வானா சின்னப் பெண், என் கடைசி செட் மாணவிகளின் வயதுதான் இருக்கும், பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மேடம், நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" காலேஜில் ஃபிசிக்ஸ் என்றேன். "அப்ப உங்களுக்குச் சொல்றது ஈஸி. எண்ணூறு மில்லி ஆம்பியர். கான்ஸ்டன்ட் கரண்ட். முன்னாடி உள்ள மெஷின்ல எல்லாம் வோல்ட்டேஜத்தான் வைப்பாங்க, தலைக்குள்ள எவ்வளவு கரண்டு போகும்னு யாருக்கும் தெரியாது. இப்ப கரண்டை நாம முடிவு பண்றோம், வோல்ட்டேஜை மெஷின் பார்த்துக்கும்." எண்ணூறு மில்லி ஆம்பியர், பாயிண்ட் எட்டு ஆம்பியர். நான் தலையாட்டினேன், மார்க் போடுகிற மாதிரி. அவள் கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினாள், தமயந்தி என்று நான் போட்டேன், உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன், பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என் மூளை பாயிண்ட் எட்டைப் பத்தால் வகுத்துக்கொண்டிருந்தது. பாயிண்ட் பூஜ்யம் எட்டு. பழைய கணக்கில் பத்து ஆம்பியர் ஒரு மின்காந்த அலகு, அப்படியானால் பாயிண்ட் பூஜ்யம் எட்டு மின்காந்த அலகு. அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது, ஒரு எறும்பு கடித்த மாதிரி. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிற்கவில்லை, அதை மூவாயிரம் கோடியால் பெருக்கியது. இருநூற்று நாற்பது கோடி. இருநூற்று நாற்பது கோடி நிலைமின் அலகு என் தம்பியின் இடது நெற்றிப்பொட்டிலிருந்து வலது நெற்றிப்பொட்டுக்கு. ஒரே கரண்ட்தான். ஒரே கரண்ட்தான் என்று எனக்குத் தெரியும், முப்பத்தைந்து வருஷம் இதைத்தானே கரும்பலகையில் எழுதினேன், அலகு பெரிதானால் எண் சிறிதாகும், அலகு சிறிதானால் எண் பெரிதாகும், பொருள் மாறுமா என்று கேட்பேன், மாறாது மேடம் என்று அறுபது தொண்டை ஒன்றாகச் சொல்லும். வாயால் சொல்லிவிட்டு அவர்களில் பாதிப் பேர் பரீட்சையில் வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவார்கள். இப்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, வகுக்கும்போது மூச்சு வருகிறது, பெருக்கும்போது நின்றுவிடுகிறது, மாறாது மேடம், மாறாது மேடம்.

நான் படிக்கிற காலத்தில் மூன்று கணக்கும் இருந்தது. ஆம்பியர் என்பது வேலைக்கு வைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் சென்டிமீட்டர், கிராம், செகண்டிலிருந்து பிறந்தவை, ஆனால் ஒரே வயிற்றில் பிறந்தவை இல்லை. நிலைமின் அலகு, அசையாமல் நிற்கிற இரண்டு மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளுவதை வைத்து வருவது. மின்காந்த அலகு, பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிற இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பதை வைத்து வருவது, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில், ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் இரண்டு டைன் விசை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூவாயிரம் கோடி எங்கிருந்து வந்தது, யாரும் போட்ட எண் இல்லை, ஒளி ஒரு செகண்டில் போகிற தூரம் அத்தனை சென்டிமீட்டர். அந்த இடத்தில் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு நான் திரும்பி நிற்பேன். இரண்டு கம்பி, இரண்டு உருண்டை, விளக்கே இல்லாத இருட்டறையில் செய்த சோதனை, அதற்குள் வெளிச்சத்தின் வேகம் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்பேன். வகுப்பில் ஒருத்தியாவது நிமிர்வாள். அதற்காகவே பாடத்திட்டத்திலிருந்து அதைத் தூக்கிய பிறகும் நடத்தினேன். வீட்டுக்கு வந்து சபாவிடம் சொன்னால் சிரிப்பான். அவன் கடையில் எரிந்த மோட்டாரைப் பிரித்துப்போட்டு, கருகின செம்புக் கம்பியை இழுத்துக்கொண்டே சிரிப்பான். "ஒரு கிளாம்ப் மீட்டரை வயர்ல மாட்டுனா ஆம்பியர் வந்து நிக்குது. இதுக்குப் போயி மூணு கணக்கு போட்டு, அதை ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு மாத்தி, அதுக்குச் சம்பளம் வேற வாங்கிட்டு வருதியே எக்கா." அப்படிச் சிரித்தவன். மோட்டாருக்குச் செம்புக் காயில் கட்டினால் ரெண்டு தெரு தள்ளி வார்னிஷ் வாசனை வரும், மத்தியானம் சாப்பிட வந்தால் அந்த வாசனையோடுதான் வருவான், கையை எத்தனை தடவை கழுவினாலும் போகாது, சோற்றில் எல்லாம் வார்னிஷு என்று நான் கத்துவேன், ரெண்டாவது தடவையும் சோறு போடச் சொல்வான்.

"முதல் தடவையா?" என்று பக்கத்தில் ஒரு குரல். தூக்குவாளிக்காரி. நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, மடியில் வாளியைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறாள். ஆமா என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கு இன்னையோட நாலு. உங்களுக்கு முன்னாடி உள்ள போனாவ. பயப்படாதிய. முதல் தடவை நானும் இந்த பெஞ்சுல உக்காந்து அழுதேன், இப்ப வரும்போதே குழம்பு வச்சு எடுத்துட்டு வந்திருதேன்." பேரைக் கேட்டாள், சொன்னேன், அவள் சண்முகத்தாயாம், கயத்தாற்றுக்குப் பக்கத்தில் ஊர். "உங்களுக்கு யாருக்கு, வீட்டுக்காரருக்கா?" தம்பிக்கு என்றேன். "தம்பிக்குப் பொண்டாட்டி பிள்ளைக இல்லையா?" இல்லை என்றேன். "நீங்க?" நானும் இல்லை என்றேன். அவள் வாளி மூடியை ஒரு தடவை அழுத்திவிட்டாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியும், எல்லோரும் நினைத்ததுதான், ஒரு காலத்தில் பெண் பார்க்க வருகிறேன் என்று சொன்னவர்கள் எங்கள் தெருமுனைக் கடையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப்போவார்கள், அவுக அம்மாவுக்கு மூளைக் கோளாறுல்லா, பிள்ளைகளுக்கு வராதுன்னு என்ன நிச்சயம். வரவில்லை. ஐம்பது வருஷம் வரவில்லை. எனக்கு வருமா என்று நான் ஒவ்வொரு நாள் காலையிலும் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தேடியிருக்கிறேன், சபாவிடம் தேடவில்லை, அவன்தான் சிரிப்பானே, சிரிக்கிறவனைப் போய் யார் தேடுவார்கள். "என்ன செய்யுதாவ உங்க தம்பி?" சாப்பிட மாட்டேங்கிறான் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதை எப்படிச் சொல்வது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தான். பிறகு போகவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். படுத்தான், எழுந்தான், பிறகு எழவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்தால் அதையே பார்த்துக்கொண்டு இருப்பான், ஏண்டா என்றால், "எக்கா, உள்ள போக வழி இல்ல. வயிறு இல்ல எனக்கு" என்றான். விளையாட்டு என்று நினைத்து அவன் வயிற்றில் தட்டினேன், இதோ இருக்கே என்று. அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான், ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "அது தோலு. உள்ள எல்லாம் எரிஞ்சு போச்சு. நான் செத்து ரொம்ப நாளாச்சு, உன்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல." அவன் அதைச் சொன்ன விதம். அழுகை இல்லை, பதற்றம் இல்லை, ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இது இனிமே ஆகாது என்று சொந்தக்காரனிடம் சொல்வானே, அந்தக் குரல். அதற்குப் பிறகு பேச்சு குறைந்தது, குறைந்து குறைந்து பங்குனியில் நின்றுவிட்டது. மூக்கில் குழாய் போட்டார்கள், ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போட்டுவிட்டான். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கழுத்தெலும்புக்குப் பின்னால் ஒரு கரண்டி தண்ணீர் நிற்கும், அவ்வளவு குழி. எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, யாரோ செய்வினை வச்சிருக்காவ என்றார், டாக்டர் ரிஸ்வானா கடுமையான மனச்சோர்வு என்றாள், அவன் செத்துப்போனேன் என்றான். மூன்றும் ஒன்றுதானா, ஒன்றிலிருந்து மற்றதற்கு எதால் பெருக்கிப் போவது. மாத்திரைக்கு நேரம் இல்ல மேடம், இப்படியே சாப்பிடாம இருந்தா கிட்னி போயிரும், ஷாக் ட்ரீட்மென்ட்தான் சீக்கிரம் கேட்கும் என்றாள். ஷாக் என்ற சொல்லைக் கேட்டதும் என் கை கைப்பையைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகுதான் பிடித்தது தெரிந்தது. விரல்கள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன, வளையல்.

அம்மாவின் வளையல்கள். ஆறு கண்ணாடி வளையலும் ரெண்டு பொன் வளையலும் ஒரு மூக்குத்தியும், கழற்றி அப்பாவின் கைக்குட்டையில் முடிந்து என் மடியில். மதுரையில் ஒரு டாக்டர் வீட்டு மாடிப்படி. எனக்குப் பதினொரு வயது இருக்கும், சபா கைக்குழந்தை இல்லை, நடக்கிற பிள்ளை, அவனைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டுப் போனோம், பஸ்ஸில் அம்மாவுக்குத் தலை வாரிவிடவும் வாந்தி எடுத்தால் பிடித்துக்கொள்ளவும் என்னைக் கூட்டிப்போனார்கள். அம்மாவும் சாப்பிடவில்லை. அம்மா செத்துப்போனேன் என்று சொல்லவில்லை, அவள் எல்லோருக்கும் பாரம் என்று சொன்னாள், உலகு உலகு என்று அப்பா கெஞ்சுவார், உலகம்மை என்ற பேரை அவர் மட்டும் அப்படிக் கூப்பிடுவார். படியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப்போனார்கள், மயக்க மருந்து எல்லாம் அப்போது கிடையாது அங்கே, நாலு ஆள் கையையும் காலையும் பிடித்துக்கொள்வதுதான், வாயில் துணி சுற்றிய ஒரு கட்டை. கதவு சாத்தவில்லை. அதுவும் மரக்கதவு, ஒருக்களித்து இருந்தது. நான் பார்க்கவில்லை, கேட்டேன். கட்டிலின் நாலு காலும் சிமெண்டுத் தரையில் அடிக்கிற சத்தம். மாடிப்படி பல்பு அந்த நேரம் மங்கி மங்கி எரிந்தது என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன், சபாவிடம்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். மங்கியிருக்காது. ஒரு அயர்ன் பாக்ஸ் இழுப்பதில் கால்வாசிகூட இருக்காது அந்தக் கரண்ட், அதற்கு எந்த பல்பும் மங்காது. ஆனால் எவ்வளவு. நூத்திப்பத்து வச்சோம் என்று அந்த டாக்டர் அப்பாவிடம் சொன்னது காதில் இருக்கிறது, நூற்றுப்பத்து வோல்ட். பி.எஸ்ஸி. முதல் வருஷம் ஓம் விதி நடத்திய அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நூற்றுப்பத்து என்று எழுதி, வகுத்தல் கோடு போட்டு, கீழே ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். கரண்ட்டிலிருந்து கரண்ட்டுக்கு எந்தக் கணக்கிலும் போகலாம், பத்தால், மூவாயிரம் கோடியால், எதால் வேண்டுமானாலும். வோல்ட்டிலிருந்து கரண்ட்டுக்குப் போக நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் தோல், எலும்பு, அன்றைக்குத் தலையில் இருந்த வியர்வை. அம்மாவின் தலையின் தடை எவ்வளவு, யாரும் அளக்கவில்லை.

வலி மட்டும் என்றால் கணக்கு எளிது. அம்மா சாப்பிட்டாளே. அதுதான் எங்கே போனாலும் என் காலைத் தட்டுகிறது. மூன்றோ நாலோ தடவைக்குப் பிறகு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள், ரசத்தில் புளி காணாது என்று பெரியம்மாவைத் திட்டினாள், சபாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாதியில நிறுத்தாதிய என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் பஸ் மதுரைக்குள் நுழையும்போது அம்மா அப்பாவின் காலைப் பிடித்தாள், பஸ்ஸுக்குள்ளேயே, எல்லோரும் பார்க்க, என்னைக் கொன்னுருங்க, அங்க மட்டும் வேண்டாம் என்றாள். ஒரு நாள் அப்பா பஸ் ஸ்டாண்டிலேயே காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, போதும் உலகு, இனி வேண்டாம், வா வீட்டுக்குப் போவோம் என்று அடுத்த பஸ்ஸில் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். அப்பாவை நான் அவ்வளவு நேசித்தது அந்த ஒரு நாள்தான். ஜன்னல் ஓரம் அம்மா, காற்றில் அவள் முடி என் முகத்தில் பட்டுக்கொண்டே வந்தது. அந்த ஆடி மாசம் ஆற்றுக்குப் போனாள். குளிக்கிற இடத்தில் வழுக்கிட்டு என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். படித்துறையில் துண்டும் மாற்றுச் சேலையும் மடித்தபடி இருந்தது, அதன்மேல் பறக்காமல் இருக்க ஒரு கல். எது கொன்றது. அந்தக் கட்டிலா, அந்தக் கட்டிலுக்குப் போகாமல் திரும்பிய பஸ்ஸா. கட்டில்தான் என்று இருபது வயது வரைக்கும் நினைத்தேன், பஸ்தான் என்று பிறகு நினைத்தேன், அப்பா சாகும்வரை நான் அவரிடம் இதைக் கேட்கவில்லை, அவரும் இதையே நினைத்துக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். கட்டில் என்றால் இப்போது நான் என் தம்பியை அதே இடத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பஸ் என்றால் சரியாகத்தான் செய்திருக்கிறேன். கட்டில் என்றால், பஸ் என்றால், கட்டில்.

"என்ன, ஏதோ முணுமுணுக்கிய?" என்றாள் சண்முகத்தாய். ஒன்றுமில்லை என்றேன். உள்ளே சத்தம் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டேன். "சத்தமே வராது. தூக்க ஊசி போட்டுத்தான செய்யுதாவ. நான் ஒரு தடவை உள்ள எட்டிப் பாத்தேன், ஒரு காலு மட்டும் ஆடிச்சு." ஒரு கால் மட்டும். டாக்டரும் அதைச் சொன்னாள், தசை தளர்கிற ஊசி உடம்பெல்லாம் போகும், ஒரு கணுக்காலில் மட்டும் பட்டையை இறுக்கிக் கட்டி மருந்து போகாமல் தடுத்துவிடுவார்களாம், மூளைக்குள் வலிப்பு வந்ததா என்று அந்தக் கால் ஆடுவதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்களாம். எந்தக் கால் என்று நான் கேட்கவில்லை. வலது காலில் பெருவிரலுக்கு மேலே ஈயம் பற்றவைத்தபோது சொட்டிய தழும்பு இருக்கிறது, வெள்ளையாக, ஒரு பொட்டு. அந்தக் கால் ஆடுகிறது. உடம்பு முழுவதும் கிடக்கிறது, அந்த ஒரு கால் மட்டும் அங்கிருந்து எங்கேயோ நடந்துபோகப் பார்க்கிறது. அம்மாவுக்கு நாலு கட்டில் காலும் அடித்தது. பாயிண்ட் எட்டு. பாயிண்ட் பூஜ்யம் எட்டு. இருநூற்று நாற்பது கோடி. என் நாக்கு வறண்டிருக்கிறது, தண்ணீர் பாட்டிலை எடுக்க வேண்டும், எடுத்தால் அந்த நேரம் கதவு திறந்துவிடுமோ என்று எடுக்கவில்லை. கதவு திறந்தது. எனக்கு இல்லை. சண்முகத்தாயின் வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள், வழுக்கைத் தலை, வாய் ஓரம் எச்சில், அவள் முந்தானையால் துடைத்துவிட்டு, "எந்திங்க, சாம்பார் ஆறுது" என்று காதில் சொல்லிக்கொண்டே கூடப் போனாள், போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். பெஞ்சில் அவள் இருந்த இடத்தில் கொஞ்சம் சூடு இருந்தது. கையை அங்கே வைத்துக்கொண்டேன்.

"மேடம்." டாக்டர் ரிஸ்வானா என் முன்னால் குனிந்து நிற்கிறாள், எப்போது வந்தாள், முகக்கவசம் தாடையில் தொங்குகிறது. "நல்லபடியா முடிஞ்சுது. வலிப்பு நல்லா வந்துது, நமக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு. மூச்சு சரியா இருக்கு, பிரஷர் சரியா இருக்கு. நீங்க வந்து பக்கத்துல உக்காரலாம்." எழுந்து அவள் பின்னால் போனேன். பக்கத்து அறையில் திரை போட்டுப் பிரித்த கட்டில்கள், ஜன்னல் ஓரக் கட்டிலில் அவன். நெற்றிப்பொட்டு ரெண்டிலும் ஜெல்லி காய்ந்த பிசுபிசுப்பு, ஈரப் பஞ்சால் துடைத்தேன், தோல் சிவக்கவில்லை, கருகவில்லை, ஒரு அடையாளமும் இல்லை. இவ்வளவுதானா. மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது, வாய் லேசாகத் திறந்து, தூங்கும்போது சின்ன வயதில் இருப்பானே அப்படி. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம் ஆயிற்று. வெயில் கட்டிலின் கம்பிக்கு வந்தது. பிறகு அவன் விரல்கள் என் கைக்குள் ஒரு தடவை மடங்கின, அதுவாக மடங்கியதா என்று நான் யோசிக்கும்போதே கண்ணைத் திறந்தான், திறந்து வெயிலைப் பார்த்து, சுருக்கினான். கண் கூசியது அவனுக்கு. எத்தனை மாசத்துக்குப் பிறகு. நான் எழுந்து திரையை இழுத்துவிட்டேன், வளையம் எல்லாம் கம்பியில் கடகடவென்று ஓடியது.

நர்ஸ் வந்து ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள். விழுங்கினான். இன்னும் கொடுத்தாள். விழுங்கினான், தொண்டைக்குழி ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயவைத்து உட்காரவைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து இட்லி கொடுத்துப் பாருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள், இட்லி நான் காலையிலேயே ஒரு நம்பிக்கையும் இல்லாமல் கட்டிக்கொண்டு வந்ததுதான், சீனி தொட்டு ஒரு விள்ளல் அவன் வாய்க்கு முன்னால் நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், "குடுங்க, நானே சாப்பிடுதேன்" என்று சொன்னான். சொன்னான். குரல் தகரம் உரசுகிற மாதிரி, ஆனால் குரல். டப்பாவை மடியில் வைத்தேன், அவனே பிய்த்து, சீனியில் தொட்டு, மென்று, விழுங்கினான். இரண்டாவது இட்லிக்குப் போகும்போது கொஞ்சம் நிறுத்தி, என்னை ஏறிட்டுப் பார்த்தான், கூச்சமாகச் சிரித்தான், அவன் யாரிடமும் அப்படிக் கூச்சமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. "நீங்க சாப்பிட்டியளா?" என்றான். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சாப்பிட்டேன் என்றேன். "நீங்க யாருக்காக வந்திருக்கிய?" என்றான். டாக்டர் ரிஸ்வானா திரைக்கு அந்தப் பக்கம் இருந்து இதைக் கேட்டிருக்க வேண்டும், வந்து என் தோளில் கை வைத்து, "குழப்பம் இருக்கும் மேடம், முதல்ல அப்படித்தான் இருக்கும், ஒரு மணி நேரத்துல, இல்ல சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிரும், பெரும்பாலும்" என்றாள் மெதுவாக. பெரும்பாலும் என்ற சொல் காற்றில் நின்றது. அவன் என் பதிலுக்காக மரியாதையாகக் காத்திருந்தான், இட்லியைப் பிய்த்த கையை அப்படியே வைத்துக்கொண்டு.

"என் தம்பிக்கு" என்றேன்.

"என்ன செய்யுது அவருக்கு?"

"சாப்பிட மாட்டேன்னு இருந்தான். இன்னைக்குச் சாப்பிடுதான்."

"அப்ப சரியாயிரும்" என்றான் சபா. "சாப்பாடு இறங்கிட்டுன்னா போதும். நீங்க அழாதிய." டப்பாவில் மிச்சம் இருந்த ஒரு இட்லியை என் பக்கம் நகர்த்தினான். நான் அதை எடுத்துச் சாப்பிட்டேன், அவன் பார்க்கிறானே என்று. டாக்டர் ரிஸ்வானா கையில் இருந்த போனில் தேதியைப் பார்த்துவிட்டு, நாளைக் கழிச்சு வியாழக்கிழமை அடுத்தது வச்சுக்கலாமா மேடம், நிறுத்தாம வரணும் என்று கேட்டாள். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான், முன்பின் தெரியாத ஒரு பெண் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துகொள்கிற ஆவலோடு. வச்சுக்கலாம் என்றேன்.